வெடித்த மேற்பலகை: வேப்பமர மேசையொன்றின் நிகழ்வு ஆய்வு

2023 ஆனி மாதத்தில் ஒருநாள் இரவு பத்தரை மணியளவில் எங்கள் முன்னறையில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த பனை மட்டையை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அப்படியொரு சத்தம். விறாந்தையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதைக் கடந்த வன்னி மனிதர் ஒருவர் இரவுச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதங்களுக்கு முன் நானே செய்த மேசையின் மேற்பலகை ஒரு தலைப்பிலிருந்து 14 அங்குல நீளத்துக்குப் பிளந்திருந்தது. தலைப்பில் பிளவின் அகலம் 6 மில்லிமீற்றர். அப்பா அதற்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். "மேசைதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. நான் கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. வகுப்பில் "ஏன்?" என்று கேட்டே சம்பளம் வாங்குகிறவள் தன் வீட்டு மேசையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடலாமா? அடுத்த ஒன்றரை ஆண்டில் குறித்தவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியதே இது. ஆராயப்படும் பொருள் ஒரு மேசை. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு தொழிலாளியும் அவரிடம் அரைகுறையாகக் கற்ற ஒரு மகளும் இருப்பதால் அவர்களையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

தொழிலும் பொழுதுபோக்கும்

அப்பா பதினாறு வயதில் தொழில் பழகியவர். விசுவமடுப் பக்கத்தில் நாங்கள் இருந்த காலத்தில் கதவு, யன்னல், கூரைத் தீராந்தி, மாட்டு வண்டி, பள்ளிக்கூட வாங்கு என்று எது வந்தாலும் செய்வார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சீமெந்தும் எரிபொருளும் வன்னிக்குள் வருவதே அபூர்வம். பழைய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது அப்போது எனக்கும் தம்பிக்கும் பள்ளி விட்டு வந்தபின் இருந்த வேலை. ஆணி நிமிர்த்தத் தொடங்கியவள் பத்து வயதில் உளி தீட்டினேன். பன்னிரண்டில் சீவுளி பிடித்தேன். சீவல் சுருள் அறுபடாமல் வந்தால் அப்பா அதை எடுத்து என் காதில் தோடு போல மாட்டிவிடுவார். பாராட்டு அவ்வளவுதான்.

2008 இன் பிற்பகுதியில் ஊர் ஊராக நகரத் தொடங்கியபோது, ஆயுதப் பெட்டியை அவர் (தச்சு ஆயுதத்தைச் சொல்கிறேன்) கிணற்றடியில் புதைத்தார். கூடவே கொண்டுபோனவை மூன்று: அரை அங்குல உளி ஒன்று, சீவுளியின் அலகு, தீட்டுகல். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டியபோது பிடிகளையெல்லாம் கறையான் தின்றிருந்தது. இரும்பு துருப்பிடித்துக் கிடந்தது. ஆனாலும் பாதிக்கு மேல் தேறியது. அவற்றுக்குப் புதிய பிடி போட்டவர் அப்பா. அந்தப் பிடிகளோடுதான் நான் இன்றும் வேலை செய்கிறேன்.

நான் திரும்ப மரத்தைத் தொட்டது 2020 ஊரடங்கின்போது. பாடசாலை மூடிக் கிடந்தது. கை சும்மா இருந்தது. முதலில் ஒரு முக்காலி, பிறகு சின்னத் தட்டு ஒன்று. கொட்டன் சத்தம் கேட்ட பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சம்பளம் காணாதா பிள்ளை?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையான கரிசனைதான். கூலி இல்லாமல் ஒருவர் மரம் இழைப்பது எங்கள் ஊரில் எந்தக் கணக்கிலும் அடங்காது. அப்பாவுக்கே அது முழுதாக விளங்கவில்லை. "விற்கப் போகிறாயா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

மேசை செய்த விதம்

எங்கள் வளவில் கிணற்றுப் பக்கம் சாய்ந்து நின்ற வேம்பை 2022 ஆவணியில் வெட்டவேண்டி வந்தது. பாலை, முதிரை எல்லாம் காட்டு மரங்கள். அனுமதி இல்லாமல் அவற்றை வெட்டுவதும் ஏற்றுவதும் குற்றம். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு வேம்பு ஒரு கொடை. கறையான் எளிதில் கிட்ட வராது, உளிக்கும் ஓரளவு வசப்படும். முதிரையில் வேறொரு வில்லங்கமும் உண்டு. அதன் தூள் பட்டால் பலருக்குத் தோல் தடித்துச் சொறியும். அப்பா முதிரை அறுத்த நாட்களில் கையெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வது எனக்கு நினைவிருக்கிறது.

மரம் அரியும் மரக்காலையில் குற்றியை இறக்கியதும் கேட்ட முதல் கேள்வி "மரம் எந்தப் பக்கம் நின்றது?" என்பதுதான். இங்கே எல்லா மரக்காலைகளிலும் அந்தக் கேள்வி பழகிப்போனது. மரத்துக்குள் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருந்தால் வாள் போய்விடும். கயிற்றில் கட்டிய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் குற்றியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். மரத்தின் மேற்புறத்தில் கிடப்பது மட்டுமே காந்தத்துக்குத் தெரியும். உள்ளே போனது தெரியாது. நல்லவேளையாக வாள் தப்பியது. ஆனால் அரிந்த பலகை ஒன்றில் புளியங்கொட்டை அளவு இரும்பும் அதைச் சுற்றிக் கருநீலக் கறையும் இருந்தன.

ஒன்றேகால் அங்குலப் பலகைகள். அவற்றைப் பின்விறாந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மழை படாமல் பொலித்தீனால் மூடிவைத்தேன். மார்கழியில், வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்க, மேசையைத் தொடங்கினேன். நான்கு கால்கள், நான்கு சட்டங்கள், பொளி கழுந்து மூட்டு (ஒரு மரத்தில் பொளித்த துளைக்குள் மற்ற மரத்தின் நாக்கு, அதாவது கழுந்து, நுழைவது). மேலே மூன்று பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி, கயிறும் ஆப்பும் போட்டு இறுக்கி, 22 அங்குல அகலத்தில் ஒரு மேற்பலகை. அதைச் சட்டத்தில் பொருத்தும்போது எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. அப்பா வெறும் திருகாணியோடு விடுவார். நான் சட்டத்தின் தலை முழுவதும் மரப்பசை பூசி, அதற்கு மேல் எட்டுத் திருகாணிகளையும் அடிப்பக்கத்திலிருந்து இறுக்கினேன். யூரியூப்பில் பசையின் வலிமையைப் பற்றிப் பார்த்திருந்தேன்: மரமே பிய்ந்தாலும் ஒட்டு பிரியாதாம். அந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்று பின்னர் தெரிந்தது.

அப்பா வந்து பார்த்தார். பெருவிரலை மேற்பலகையில் ஓட்டினார். கழுந்தின் தோள் இடைவெளியின்றி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். குனிந்து முகர்ந்து, "இன்னும் மணக்கிறதே" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று சந்தேகங்கள்

பிளந்த அன்றிரவே பசை பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் பிளவு ஒட்டில் இல்லை. ஒட்டிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, மூன்றாவது பலகையின் உடம்புக்குள் ஓடியிருந்தது. பசை தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தது.

அடுத்த சந்தேகம் அந்த இரும்புத் துண்டு. நம்மூரில் எது பழுதானாலும் பழியைப் போட வசதியான இடம் போர்தான். பெரும்பாலும் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் கறை இருந்தது நடுப்பலகையில், பிளவிலிருந்து ஏழு அங்குலம் தள்ளி. அதைச் சுற்றி ஒரு மயிர்க்கோடுகூட இல்லை. மூன்றாவதாக வேம்பையே சந்தேகித்தேன். எங்கள் குசினிக் கதவும் வேம்புதான். பல வருடமாக மாரியில் தடித்து, சோளகத்தில் (தென்மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் காலம்) மெலிந்து, சத்தமில்லாமல் காலம் தள்ளுகிறது. அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது: மாரியில் உதைத்துத் திறக்கவேண்டிய கதவு ஆடியில் காற்றுக்கே ஆடுகிறது. மேசைப் பலகையும் அதே மரம். அதற்கு மட்டும் மெலிய இடம் இருந்ததா?

சின்னம்மா வீட்டு மேசை

போருக்கு முன் அப்பா செய்த தளபாடங்களில் எங்கள் கையில் எதுவுமே மிஞ்சவில்லை. வவுனியாவில் சின்னம்மா வீட்டில் மட்டும் ஒரு முதிரை மேசை இருக்கிறது. 2003 இல், சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்திருந்தபோது, சின்னம்மாவின் கலியாணத்துக்கென்று லொறியில் ஏற்றி அனுப்பியது. ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தேநீர் குடித்து முடித்ததும், மேசையைக் கவிழ்க்கலாமா என்று கேட்டேன். சின்னம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மேல்விரிப்பை எடுத்தார்.

இருபது வருடங்கள் ஆகியும் மேற்பலகையில் ஒரு கீறல் பிளவு இல்லை. கவிழ்த்துப் பார்த்ததில் எட்டுத் திருகாணிகள். பசை எங்கும் இல்லை. இரண்டு குறுக்குச் சட்டங்களின் நடுவிலும் இருந்த துளைகள் வட்டமானவை, இறுக்கமானவை. மற்ற ஆறும் நீள்வட்டம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை அங்குல நீளம். எல்லாம் பலகையின் அகலவாட்டில் நீண்டிருந்தன. ஒரு துளைக்குள் திருகாணி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. பலகை நகர்ந்து நகர்ந்து அதன் கழுத்துப் பட்ட இடம் மினுங்கியது.

அந்த நீள்வட்டத் துளைகளைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்பா துளைத்துவிட்டுப் பிறகு கம்பியை அங்குமிங்கும் அசைப்பார். கையில் நடுக்கம், அதனால் துளை ஒழுங்காக வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேசையில் எட்டுத் துளைகளையும் கச்சிதமான வட்டமாகத் துளைத்துவிட்டு, மனதுக்குள் அவரை மிஞ்சிவிட்டதாகப் பெருமைப்பட்டவள் நான்.

தராசும் அவணும்

மேசை செய்தபோது மிஞ்சிய வேம்புத் துண்டு ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 2023 ஆடியில் 390 கிராம். அதே துண்டு, அதே இடத்தில் காற்றுப்பட வைத்திருந்து, 2024 தையில் 405 கிராம். பிறகு கேக் சுடும் அவணில் 105 பாகை அளவில் வைத்து, நிறை குறையாமல் நிற்கும்வரை இரண்டு நாட்கள் விட்டுவிட்டுக் காயவைத்தேன். 349 கிராமில் நின்றது. நீர் எவ்வளவு என்பதை உலர் நிறைக்கு எதிராகவே கணிப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஆடியில் 11.7 சதவீதம், தையில் 16 சதவீதம். கூரைக்குக் கீழே, மழை படாமல் இருந்த துண்டு காற்றிலிருந்து மட்டுமே இவ்வளவு தண்ணீரைக் குடித்துக் கக்குகிறது. (அவண் அதன்பின் மூன்று வாரம் வேப்பங்கசப்பு வாசம் அடித்தது. வீட்டில் அதற்கும் எனக்குத்தான் பேச்சு.)

மரத்தின் நீர் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்கும். நீளவாட்டில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். அகலவாட்டில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிச் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அரிந்தபின் பொருத்தாமல் வைத்திருந்த 9 அங்குலப் பலகை ஒன்று மார்கழியிலிருந்து ஆவணிக்குள் 5.5 மில்லிமீற்றர் ஒடுங்கியிருந்தது. அந்த வீதத்தில் 22 அங்குல மேற்பலகை 13 மில்லிமீற்றர் ஒடுங்கக் கேட்டிருக்கும். அதன் அடியில் குறுக்கே கிடக்கும் சட்டத்துக்கோ அந்தத் திசை நீளவாடு; அது ஒரு மயிரளவும் அசையாது. இரண்டையும் பசையால் ஒட்டி, எட்டு இடத்தில் திருகாணியும் போட்டுவிட்டேன். சோளகம் ஆறு வாரம் அடித்தது. பலகை தனக்குத் தேவையான இடத்தைத் தானே பிளந்து எடுத்துக்கொண்டது.

பச்சை மரம் என்பது இரண்டாவது பிழை. காற்றில் காயவைப்பதானால் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. நான் கொடுத்தது நான்கு மாதம். அதிலும் பாதி மாரி, அதிலும் பொலித்தீனுக்குள். விசுவமடு வீட்டில் அப்பா பலகைகளைக் குசினிப் பரணில் அடுப்புக்கு மேலே போட்டுவைப்பார். இடம் காணாமல் அங்கே வைக்கிறார் என்பது அம்மா உட்பட எங்கள் எல்லோருடைய எண்ணமும். உண்மையில் அது விறகுப் புகையில் இயங்கிய ஓர் உலர்த்தும் அறை. மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டிய வீட்டில் பரண் இல்லை, அடுப்பும் காஸ். 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது முற்றத்தில் மூன்று கல் வைத்துத்தான் எரித்தோம். அந்தப் புகை முழுவதும் வானத்துக்குப் போனது. பலகை விறாந்தையில் பொலித்தீனுக்குள் வியர்த்துக்கொண்டு கிடந்தது.

அப்பாவின் விளக்கம்

இவ்வளவையும் கணக்குப் போட்டு எழுதிய கொப்பியோடு அப்பாவிடம் போனேன். மரம் அசையட்டும் என்பதற்காகத்தானே துளையை நீளமாக்கினீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படி இல்லைப் பிள்ளை. வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டுக்காரர் வீட்டில் வைத்துத்தான் மேற்பலகை பூட்டுவது. அங்கே போய்த் துளை நேருக்கு நேர் வராவிட்டால் மரியாதை போய்விடும். அதற்குத்தான் நீளமாக விடச் சொன்னார் எனக்குத் தொழில் காட்டியவர்."

"அப்போது நடுவில் இருக்கும் துளை மட்டும் ஏன் வட்டம்?"

"ஒன்றாவது இறுக்கமாக இருக்கவேண்டாமா?"

நான் எதிர்பார்த்த பதில் இது இல்லை. ஞானி ஒருவரின் மௌன அறிவை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று இந்த ஆய்வை முடிக்க எனக்கு ஆசையாக இருந்தது. கொப்பியில் அப்படியொரு வசனமும் எழுதிவைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். செய்முறை ஒரு காரணத்துக்காகக் கைமாறி, வேறொரு காரணத்தால் நிலைத்திருக்கிறது. துளையை வட்டமாகத் துளைத்தவர்களின் மேசைகள் வெடித்திருக்கும். நீளமாகத் துளைத்தவரிடம் ஆட்கள் திரும்ப வந்திருப்பார்கள். காரணம் எதுவென்றாலும் தொழில் நடந்திருக்கிறது.

ஆனால் மரம் அசையும் என்பது அவருக்குத் தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். லாச்சியை (இழுப்பறையை)ப் பற்றிக் கேட்டபோது உடனே சொன்னார்: மாரியில் செய்கிற லாச்சி இறுக்கமாக இருக்கலாம், சோளகத்தில் செய்கிற லாச்சியில் ஒரு ரூபாய்க் குற்றி நுழைய இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகையில் வீட்டுக்காரர் கூப்பிடுவார். ஆக, வாய் திறந்து சொல்லத் தெரிந்த அறிவு லாச்சியில் இருந்தது. மேற்பலகையில் இருந்தது கைப்பழக்கம். நான் சிறுவயதில் அவரிடம் படித்ததெல்லாம் அவர் வாய் திறந்து சொன்னவை: உளி தீட்டு, வாளை அழுத்தாதே, கோட்டை விட்டு அறு. சொல்லாமல் செய்தவற்றை நான் பாடமாகக் கணக்கெடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நடந்ததால் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் மணக்கிறதே" என்றது எதற்கு என்றும் கேட்டேன்.

"பச்சை என்றுதான் சொன்னேன்" என்றார். "நீ சிரித்தாய். சரி, தெரிந்துதான் செய்கிறாய் என்று விட்டுவிட்டேன்."

திருத்தம்

2023 ஆவணியில், மரம் ஆக உலர்ந்திருந்த நேரத்தில் திருத்தத்தை ஆரம்பித்தேன். சட்டத்தையும் மேற்பலகையையும் பிரிப்பதுதான் பெரும்பாடு. பசை விடவில்லை, மெல்லிய கைவாளால் ஒட்டை முழு நீளத்துக்கும் அறுக்கவேண்டியிருந்தது. இரண்டு மாலைகளும் ஒரு நகமும் போயின. பிளவின் வழியே பலகையை முழுதாக அறுத்து, இரு விளிம்புகளையும் சீவி, மறுபடி ஒட்டினேன். அகலம் 532 மில்லிமீற்றருக்கு வந்தது. நடுத்துளைகள் இரண்டும் வட்டம், மற்ற ஆறும் நீள்வட்டம், சட்டத்தில் பசை இல்லை. துளைகளை நீளமாக்கும்போது அப்பா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எந்தத் திசையில் நீட்டுகிறேன் என்று மட்டும் எட்டிப் பார்த்தார்.

2024 தையில் அளந்தபோது 537. ஆவணியில் திரும்ப 532. மாரிக்கு 5 மில்லிமீற்றர் வீங்கி, சோளகத்துக்குப் பழைய இடத்துக்கு வருகிறது. பிளவு இல்லை. ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. அதற்குக் காரணம் நிலம் என்பது என் கட்சி, கால் என்பது அப்பாவின் கட்சி.

இப்போது மரக்காலையிலிருந்து வருகிற பலகைகளுக்கு இடையில் சிலாகைத் துண்டுகள் வைத்து, காற்று ஓட விட்டு அடுக்குகிறேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அரிந்த மாதத்தை எழுதிவைக்கிறேன். போன மாதம் அப்பா நெல்லுப் பெட்டிக்கு ஒரு மூடி வேண்டும் என்றார். பலகையின் தலைப்பைப் பார்த்துவிட்டு, வைகாசி கழியட்டும், நிறை பார்த்துத்தான் தொடுவேன் என்றேன். கூலிக்குச் செய்த காலத்தில் அவருக்கு இப்படி ஒரு வருடம் காத்திருக்க யாரும் தவணை தந்ததில்லை. தை பிறந்தால் கலியாண வீடுகள் வரிசையில் நிற்கும். மரம் காய்ந்ததா என்று முகூர்த்தம் பார்ப்பதில்லை.

அவர் அடுக்கைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பலகையாக மாதங்களை வாசித்தார்.

"கலியாண வீட்டுக்காரர் உன்னிடம் வந்திருந்தால், பிள்ளை பிறந்தபிறகுதான் மேசை போயிருக்கும்" என்றார்.